பொங்கவிடாத பால்

எங்கள் வீட்டில் பால் பொங்கினால்
குலவையிடுவார்கள்.
சோஹாரில், ஆஸ்பத்திரியின் மூன்றாம் தளத்தில்,
பொங்கினால் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள்.

அறுபத்திரண்டரை டிகிரி. முப்பது நிமிடம்.
முடிந்ததும் ஐஸ் தண்ணீர்.
ஜூலை மாதம்; கார் நிறுத்துமிடத்தில் நாற்பத்தெட்டு.
ஊருக்கும் என் தொட்டிக்கும்
பதினான்கரை டிகிரிதான் தூரம்.

குப்பியில் ஒட்டிய சீட்டு:
சகாய மெர்சி, பிரசவமாகி ஒன்பது வாரம்.
வெல்டர் ஆன்றோவின் மனைவி.
மகள் ஜெனிஷா குடித்து மிச்சம் வைப்பதை
ஐஸ்பெட்டியில் கொண்டுவருகிறாள்,
டாக்ஸிக்காரரிடம் ஏசியைக் கூட்டச் சொல்லி.
"சிங்க்ல கொட்டுறதுக்குப் பதிலா" என்றாள் முதல் நாள்.
அதற்குமேல் அதைப் பெரிதாக்கவில்லை.

சூட்டில் எது போகும், எது நிற்கும்?
இனிப்பு அப்படியே நிற்கும்.
கொழுப்பும் நிற்கும், ஆனால் கொஞ்சம்
குப்பியின் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.
காவலுக்கு வந்த புரதங்களில்
ஒன்று பாதிக்குமேல் மடியும்,
இன்னொன்று காயத்தோடு தப்பும்.
கொழுப்பைச் செரிக்கவென்று
தாயுடல் கூடவே கட்டிக்கொடுத்த நொதி
துளியும் வேலைக்கு ஆகாது.
உயிரோடு வந்த அணுக்கள் அத்தனையும் சாகும்.
கிருமியும் சாகும்.
அதற்காகத்தான் இத்தனையும்.

தொள்ளாயிரத்து எண்பது கிராம் முஹன்னத்துக்கு
இது போதுமா என்றால்
போதாது.
டின் மாவைவிட மேல்,
பெற்றவள் பாலைவிடக் கீழ்.
ரய்யாவுக்கு இன்னும் சுரக்கவில்லை.
சத்துப்பொடி கலந்து, மூக்குக் குழாய் வழியே,
மூன்று மணி நேரத்துக்கு இரண்டு மில்லி.
தராசு ஒரு நாள் ஏறும், இரண்டு நாள் யோசிக்கும்.

ஐந்தாவது ஊட்டலுக்கு முன்
அப்பா ஹிலால் ஆய்வகக் கதவைத் தட்டினார்.
படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்:
கொடுப்பவள் பெயர், அவள் பிள்ளை பெயர்,
பால் வழியே யாருக்கு யார் உடன்பிறப்பு,
பின்னாளில் யாரை யார் மணக்கக் கூடாது.
ஆன்றோ அதைக் கேட்டுச் சிரித்திருந்தான்:
"எவன் வந்து பொண்ணு கேக்கப்போறான், இங்கேருந்து?"
ஹிலால் சிரிக்கவில்லை.
அரபியும் இந்தியுமாகக் கேட்டார்,
இத்தனை சூட்டில்
உறவும் செத்துப்போகுமா?

என் தாளைப் பார்த்தேன்.
புரதம், கொழுப்பு, நொதி, விழுக்காடு.
அதற்குக் கட்டம் இல்லை.
ஆலிமைக் கேளுங்கள் என்றேன்.
கேட்டாரோ, என்ன சொன்னார்களோ.
மறுநாள் ஒரு டப்பா அல்வா வந்தது,
மேலே அரபியில்: முஹன்னத்தின் அக்காவுக்கு.
அக்காவுக்குப் பல் முளைக்க
இன்னும் நான்கு மாதம் இருந்தது.
அல்வாவை ஆன்றோ தின்றான்.

செப்டம்பரில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது.
பையன் அப்போது இரண்டு கிலோவுக்கு ஐம்பது குறைவு,
ரய்யா தானே ஊட்டத் தொடங்கியிருந்தாள்.
மெர்சி காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.
ஹிலால் விலாசம் கேட்டார்.
அவள் சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்க்க,
வலமிருந்து இடமாக எழுதினார்:
வள்ளவிளை, கொல்லங்கோடு வழி.
ள-வுக்கு அரபியில் எழுத்தில்லை.
ல போட்டுக்கொண்டார்.