குரோ

"குரோ அப் மா" என்று சொல்லி
போனை வைத்துவிட்டாள் மகள்.
வாழ்த்துகிறாள் என்றே நினைத்தேன்.
அன்று முழுக்க ராயபுரம் லாண்டரியில்
ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்தபடி
சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்,
இனித்தது.

தண்டையார்பேட்டையில் மாவுமில்லுக்கு மேல்மாடி.
ஸ்போக்கன் இங்கிலீஷ், ஏழிலிருந்து எட்டு.
ஜெசிந்தா மிஸ்
என் மகளைவிட ஒரு வயது சின்னவர்.
கீழே மிளகாய் அரைபடும் நாளில்
வகுப்பே தும்மும்.

குரோ, குரூ, குரோன்.
செடி வளரும், முடி வளரும்.
இருட்டுகூட வளருமாம் அவர்கள் ஊரில்,
களைப்பும்.
நமக்கு இருட்டு சும்மா இருட்டிவிடும்.

"சொந்தமா ஒரு வாக்கியம் சொல்லுங்க."
எழுந்து நின்றேன்:
ஐ குரூ மை டாட்டர் அலோன்.

"தக்காளிக்கு அப்டி சொல்லலாம், கோட்டீஸ்வரி அக்கா.
புள்ளைக்கு வேற வார்த்த. ரைஸ்."
"அது சோறாச்சே" என்றார்
பின்பெஞ்சில் துறைமுகத்து லோடுமேன்.
"இது வேற. தூக்குறது, உயர்த்துறது."

எனக்கு மனசு ஆறவில்லை.
கோழி வளர்த்தேன், கடனை வளர்த்தேன், அவளையும்.
ஒரே வார்த்தைதான், குறையொன்றும் வந்ததில்லை.
ந் இருக்கும் இடத்தில் த் வைத்தால் போதும்,
வளர்ந்தவளுக்குப் பின்னால்
வளர்த்தவள் வந்து நின்றுகொள்வாள்.

ஆனால் வியாசர்பாடியில் அந்த டிசம்பர் ராத்திரி
வாசற்படி, மீட்டர் பெட்டி என்று
கால்வாய்த் தண்ணீர் வளர்ந்துகொண்டே வந்தபோது
நான் அவளை வளர்க்கவில்லை.
கட்டில்மேல் ஏறி, தோளில் தூக்கி வைத்து
விடியும்வரை நின்றேன்.
ஸ்கூல் பேக் மிதக்கிறதென்று அழுதாள்.

சரி,
ரைஸ் என்றே நோட்டில் திருத்தினேன்.

படி இறங்கும்போது கேட்டேன்,
அப்போ குரோ அப்?
மிஸ் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.
"அது... கோவத்துல சொல்றதுக்கா.
இன்னும் சின்னப்புள்ள மாதிரி இருக்காதன்னு."

பஸ்ஸில் மீன்கூடைகளுக்கு நடுவே நின்றபடி
எவ்வளவோ டைப் பண்ணினேன், அழித்தேன்.
பேச்சை வளர்ப்பானேன்.
தூளியை ஆட்டி ஆட்டிச் சொன்னது
கைக்கு வந்தது,
அனுப்பினேன்:
கண் வளரு தங்கம்.

திருவொற்றியூர் வருவதற்குள் பதில்:
கண்ணுக்கு இன்னாச்சு மா?