டிஷ்யூ பொட்டலம்

‘முறுக்கற்றது’ என்று எழுதும்போதெல்லாம்
தேக்காவில் அடுக்கிய கண்ணாடி ஜாடிகள் வந்து
ஒரு வரி பிசகும்.
நான் சொல்வது வேறு.
சுழியமல்லாத எதனால் பெருக்கினாலும்
சுழியமாகிவிடாத உறுப்புகள்.

அவற்றின் இருமையை எடுத்து,
அந்த இருமைக்கும் இருமை எடுத்தால்
பழையதே திரும்பி வரும் என்று
நாற்பத்தோராம் பக்கத்தில் நிரூபித்திருந்தேன்.
ஹுவீ ஷான் ஓரத்தில் பென்சிலால்
இரண்டு எழுத்துப் போட்டாள்: எக்ஸ், ஒய்.
வேறொன்றும் சொல்லவில்லை.
மதியம் முழுக்க அவளோடு பேசவில்லை நான்.

கிளமெண்டி உணவங்காடி, இரவு எட்டரை.
மீ கோரிங் தட்டோடு நிற்கிறேன்.
காலியாய் ஒரே இருக்கை,
அதன் முன்னே ஒரு டிஷ்யூ பொட்டலம்.
தட்டேந்தி வருகிறவர்கள் பார்த்துவிட்டு நகர்கிறார்கள்.
ஒவ்வொரு கண்ணும்
அங்கே ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுப் போகிறது.

அட.

எக்ஸும் ஒய்யும் பிறப்பித்த சீர்மத்தில்
ஆதிப்புள்ளி ஒன்றுதான் குறை.
அதைப் பார்க்கும் சார்புகளுக்கோ
அந்தக் குறை தெரிவதே இல்லை.
முழு வளையத்தைப் பார்ப்பதுபோலவே பார்க்கின்றன.
இரண்டாம் இருமையில் இடம் நிரம்பிவிடுகிறது.
போனது எதுவும் தொலையவில்லை,
வந்ததுதான் பெரிது.

ஒருவன் வந்தான்.
பொட்டலத்தைப் பிரித்து மூக்குக்கண்ணாடி துடைத்தான்,
மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ரயிலுக்கு ஓடினான்.

அப்போதும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.
நின்றபடியே
ஆறிப்போன மீயைத் தின்றுகொண்டு
பக்கம் நாற்பத்தொன்றின்
சமக்குறியை அடித்தேன்.
ஒருபக்கம் வாய் திறந்த குறியொன்றை
அங்கே வரைந்தேன்.