முன்னைய கூட்டறிக்கையை உறுதிப்படுத்தல்

பதினேழு கதிரைகள். பதினாறில் துவாய் விரித்திருந்தது.
பதினேழாவதுக்கு வாங்க இந்த வருட ஒதுக்கீட்டில் இடமில்லை
என்று கணக்குப் பகுதி சொன்னது.
நான் அதை எழுதவில்லை.

அப்போது நான் எழுதுவினைஞர்.
படுவான்கரையில் ஒரு பிரதேச சபை,
மாதத்துக்கு ஒரு கூட்டம், ஆளுக்கொரு பற்றிஸ்,
என் கையெழுத்தில் அறிக்கை.

வேலுப்பிள்ளை தங்கநேசம்
பட்டியலில் வந்தவர்.
"சட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டுது" என்று
தவிசாளர் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்.
சபை அனுப்பிய முதல் கடிதத்தில்
'திரு' என்று அச்சடித்திருந்தது.
பேனையால் வெட்டினார்.
'திருமதி' என்று மாற்றுவார் எனப் பார்த்து நின்றேன்.
வெட்டியதோடு விட்டுவிட்டார்.

'பெண்கள்' என்று எழுதிய மலசலகூடத்துக்குள்
எரிந்துபோன தெருவிளக்குகளை அடுக்கியிருந்தோம்.
நான்கு மணித்தியாலக் கூட்டங்களில்
அவர் தேநீர் குடித்து நான் கண்டதில்லை.

இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது.
குடி, தாயின் குடி.
கலியாணம் முடித்த ஆம்பிளை
உடுப்புப் பையோடு வந்து சேருவான்.
ஆனாலும் கோயிலுக்கு வண்ணக்கர் ஆண்,
வயலுக்கு வட்டவிதானை ஆண்,
தண்ணிப் பவுசர் எந்த ஒழுங்கைக்குள் கிறுக வேண்டும் என்று
கைகாட்டுபவனும் ஆண்.

ஆவணி. குளம் வெடித்துக் கிடந்தது.
மூடிக்கிடந்த நெல் களஞ்சியத்துப் படியில்
ஒரு சதுரக் கொப்பியோடு
இருபத்தாறு நாள் இருந்தார் தங்கநேசம்.
எந்த வீட்டு வாளி நிரம்பியது,
எது வெறுமையாகத் திரும்பியது, மணி எத்தனை.
ஆறு பவுசர் ஊருக்குள் வரவேயில்லை.
சில்லுத் தடம் பிடித்துச் சைக்கிளில் போனார்.
செங்கல் வாடி வரைக்கும் போனது தடம்.
வாடி, உபதவிசாளரின் மச்சானுடையது.

கூட்டத்தில் கொப்பியை விரித்து வாசித்தார்.
திகதி, நேரம், பவுசர் இலக்கம், வாளி.
பதினோராம் பக்கத்தில் ஒருவர் சிரித்தார்.
"வீட்டுக் கணக்க வீட்டில பாருகா" என்றார் இன்னொருவர்.
மின்சாரம் போய் விசிறி நின்றது.
யன்னலடிக்கு நகர்ந்து, வெளிச்சம் பிடித்து, வாசித்தார்.

நான் எழுதியது இவ்வளவுதான்:
'குடிநீர் விநியோகம் தொடர்பாக
உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.'
இப்படி எழுது என்று யாரும் சொல்லவில்லை.
எதை விடவேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.
பன்னிரண்டு வருடச் சேவை.

அடுத்த மாதம், நிகழ்ச்சி நிரலில் முதலாவது:
முன்னைய கூட்டறிக்கையை உறுதிப்படுத்தல்.
ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார்,
தேநீர்த் தட்டு வாசலுக்கு வந்துவிட்டது.
பதினேழாவது கதிரை பின்னுக்கு நகரும் சத்தம்.

"உறுதிப்படுத்த ஏலா.
நான் முக்கால் மணித்தியாலம் கதைச்சன்.
இதில ஒரு வரி கிடக்கு.
அதுக்குள்ளயும் நான் இல்ல."
மறுகா என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல்:
"தம்பிக்கு என்ட பேர் எழுதத் தெரியும்தானே?"

செயலாளர் சட்டப் புத்தகம் தேடிப் போனார்.
தேநீர் ஆடை கட்டியது.
அன்று விளக்கு வைக்கும்வரை எழுதினேன்,
பக்கம் நாற்பத்தொன்று முதல் ஐம்பத்துநான்கு வரை.
ஆறு பவுசர். வாடி. மச்சான்.
சிரித்தவரின் பெயரையும் எழுதச் சொன்னார்.
சிரித்தவர் எழுத வேண்டாம் என்றார்.
அதையும் எழுதச் சொன்னார்.

பவுசர் வந்தது. எல்லா நாளும் என்று சொல்லமாட்டேன்.
அடுத்த தேர்தலில் வட்டாரத்தில் நின்றார்,
ஒன்பது வாக்கால் தோற்றார்.
மறுநாள் வேலைக்குப் போகையில் பார்க்கிறேன்,
களஞ்சியத்துப் படியில் இருக்கிறார்,
மடியில் புதுக் கொப்பி.

"இப்ப நீங்க உறுப்பினர் இல்லையே அக்கா."
"பவுசருக்கு அது தெரியாதே."

பவுசர் எங்களைக் கடந்து போனது.
மணி கேட்டார்.
ஏழு பத்து என்றேன்.
எழுதிக்கொண்டார்.