பூத்ததை எழுத வேண்டாம்

படிவத்தில் பதினான்காம் கட்டம்:
மரங்களின் எண்ணிக்கை.
மூன்று இலக்கத்துக்கு மேல் அதில் இடமில்லை.

புட்டாஜிராவில் பஜாஜ் பிடித்து
அது திணறி நின்ற இடத்திலிருந்து
மழையில் மலையேறி வந்தவன் நான்.
ஓய்வு பெற ஏழு மாதம்.
எத்தனை என்றேன்.
எதில் எத்தனை என்றாள் நஸ்ரியா.

வாழைதானே என்றிருந்தேன், பட்டணத்தான்.
வாழை மாதிரி. வாழை இல்லை.
என்செத்.
குலைக்காக யாரும் வளர்ப்பதில்லை.

கிழங்கின் நடுக்குருத்தைத் தோண்டி எறிந்து
பள்ளத்தில் சாணம் அடைத்து மண்மூடினால்
ஒரு தாயைச் சுற்றி நூறு முளை.
அதற்கு ஒரு பெயர்.
பிரித்து, நெருக்கி நட்டால் வேறு பெயர்.
அடுத்த வருஷம் பிடுங்கி
அகல நட்டால் இன்னொன்று.
இடுப்பளவு நிற்பது ஒன்று,
கூரையைத் தொடுவது ஒன்று,
இந்த மழைக்குப் பின் வெட்டலாம் என்பது தனி.

"பள்ளிக்கூடத்துக்குப் போனால்
பிள்ளைகள் இத்தனை என்று எழுதிக்கொண்டு
வந்துவிடுவீர்களா?
எந்த வகுப்பு என்று கேட்கமாட்டீர்களா?"

வகுப்புக்குக் கட்டம் இல்லை.
ஓரத்து வெள்ளையில் நுணுக்கி எழுதினேன்.
மழை அதை ஊதாவாக்கியது.

பதினைந்து: பயன்.
உணவு, நார், தீவனம், பிற.
ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.

அவளுக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை.
சாய்த்த பலகையில் மடலைக் கிடத்தி
குதிகாலால் அழுத்திப் பிடித்து
மூங்கில் பத்தையால் வழித்தாள்.
வெள்ளையாய்ச் சதை கீழே வழிந்தது,
கையில் நார் மிஞ்சியது.
சொட்டிய பால் இலைத்தொட்டியில் தெளிந்து
அடியில் மாவாய்ப் படியும்: புல்லா.
பிள்ளை பெற்றவளுக்கு முதல் கஞ்சி.
சதை குழிக்குப் போகும்,
இலை விரித்து, இலை மூடி, கல் ஏற்றி
மாதக்கணக்கில் புளிக்க.

ஒரு குழியின் கல்லைப் புரட்டினாள்.
வாடைக்கு நான் இரண்டடி பின்னால் போனேன்.
அந்த மாவை இலையில் பொதிந்து சுட்ட கொச்சோ
இரண்டு துண்டு தின்றேன், மரியாதைக்கு.
மூன்றாவதை நானே கேட்டேன்.

நார், பசுவைக் கட்ட; மிஞ்சினால் சந்தைக்கு.
காய்ந்த சருகு, படுக்க.
காயாத இலை, தட்டு.
பேச்சோடு பேச்சாக ஒன்றை அறுத்து
என் படிவத்துக்கு மேல் பிடித்தாள்.

"அதோ, தண்டு சிவந்தது, அது எலும்புக்கு.
போன வருஷம் வழுக்கி விழுந்து
இந்தக் கை இரண்டாய்ப் போனது.
அதன் கிழங்கை வேகவைத்துத் தின்றேன்.
பாருங்கள்."
முழங்கையை மடக்கி நீட்டினாள்.
முழுசாய் நீளவில்லை. நான் சொல்லவில்லை.

பதினாறு: காய்ப்பு, மரம் ஒன்றுக்கு.

சிரிப்பில் மூங்கில் பத்தை நழுவியது.
"காய்ப்பா? பூத்தாலே போச்சு.
ஆறேழு வருஷச் சேமிப்பை எல்லாம்
அந்தப் பூ ஒன்று தின்றுவிடும்.
பூத்த மரம் நிற்கிற வீட்டில்
பொம்பளை சரியில்லை என்று
போகிறவன் வருகிறவன் பேசுவான்."

ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டு எண்ணி
தோட்டத்தின் கோடிக்குப் போனபோது
வேலியை ஒட்டி ஒன்று.
தலை கவிழ்ந்து, கருஞ்சிவப்பாய்,
மடிப்பு மடிப்பாய்ப் பூத்துத் தொங்கியது,
தேனீ இரைச்சலோடு.
அழகாக இருக்கிறதே என்று வாய் வரை வந்தது.

அவள் எனக்கும் அதற்கும் நடுவே வந்து நின்றாள்.

"கை கட்டில் இருந்த சமயம்.
அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி
எட்டு மரம் வழித்துக் கொடுத்தார்கள்.
ஒன்பதாவதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அதை எழுத வேண்டாம்."

இருநூற்றுப் பதினாலு.
இன்னொரு தரம் எண்ணினேன், அதேதான்.
இருநூற்றுப் பதிமூன்று என்று எழுதினேன்.
முப்பத்தொரு வருஷ வேலையில்
தெரிந்தே எழுதிய முதல் தப்பு.
பூத்ததற்கும் ஒரு பெயர் இருக்கும்.
கேட்கவில்லை.

இலைக்குடையை என் கையிலேயே விட்டாள்.
பஜாஜ்காரன் அதை உள்ளே ஏற்றமாட்டேன் என்றான்.
சாலையோரம் எறிந்ததை
யாருடையதோ ஒரு பசு
நடு நரம்போடு தின்றது.

தீவனம் என்று டிக் அடித்தேன்.