ஏழு நாள் வித்தியாசம்

நாற்பத்தொரு வாரம், ஐந்து நாள் என்கிறது திரை.
நாற்பதும் ஐந்தும்தான் என்கிறாள் எதுவினா.
நடுவில் நான்,
அட்டை வட்டத்தை முன்னும் பின்னும் திருப்பியபடி.

"ஏப்ரல் ஒன்றாம் தேதி எனக்குள்
என்ன நடந்திருக்க முடியும், சொல்லுங்கள்?
அதெலியோ அன்றைக்குக் கடல் நடுவில்
சால்மன் கூண்டுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான்."
பர்ஸிலிருந்து நான்காக மடித்த காகிதம் வருகிறது.
பண்ணையின் ஷிப்ட் பட்டியல்.
பதினாலு நாள் தண்ணீரில், பதினாலு நாள் வீட்டில்.
ஏப்ரல் எட்டு, அவன் பெயருக்கு நேரே: கரை.
"அன்றுதான் உருளைக்கிழங்கு மூட்டை கட்டி முடித்தோம்.
அதற்குமேல் விவரம் வேண்டுமா?"

வேண்டாம் என்றேன்.
காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம்,
இவ்வளவு நல்ல அத்தாட்சியை
எவளும் கொண்டுவந்ததில்லை.

முதல் ஸ்கேன் எடுத்ததே ஐந்தாம் மாதத்தில்.
அதற்கு முன் இரண்டு தடவை வடக்குக் காற்று,
தீவிலிருந்து படகு கிளம்பவில்லை.
அத்தனை தாமதமாக அளந்தால்
இயந்திரமும் குத்துமதிப்பாகத்தான் சொல்லும்,
சந்தையில் பன்றியைப் பார்த்தே எடை சொல்கிறவன் மாதிரி.

நாள் தள்ளிப்போயிற்று என்று
அப்போது சிரித்தாளாம்.
இப்போதும் நாள்தான் தள்ளிப்போகிறது.
யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் ஒயார்சோ நின்றபடியே பேசினார்.
நீர் குறைகிறது, ஆறு சென்டிமீட்டர்.
மாத்திரை வைத்து வலியை வரவழைக்கலாம்.
காத்திருந்தால் ஆபத்து மிகக் குறைவு,
ஆயிரத்தில் ஒன்று, இரண்டு.
"அந்த ஒன்று எந்த ஊர்?" என்றாள்.
அவருக்குப் பக்கத்து அறையில் வேலை இருந்தது.

எனக்குத் தெரியும் எந்த ஊர் என்று.
பதினோரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு,
திங்கள்கிழமை பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.
திங்கள்கிழமை
கருவியை வயிற்றில் எங்கெங்கோ நகர்த்தினேன்.

அதை இவளிடம் சொல்லவில்லை.
சொன்னால் அது தகவலா, மிரட்டலா?
கையுறை மாட்டிப் பார்த்தேன்.
கருப்பைக் கழுத்து இன்னும் மூக்கு நுனி மாதிரி.
உதடு மாதிரி இளகியிருக்க வேண்டும்.
இப்போது கிளப்பினால் நீளும், ஒன்றரை நாள்கூட,
கடைசியில் கத்தியும் வரலாம்.
இதைச் சொன்னேன். இது தகவல்.

போனில் அதெலியோ, பின்னால் மோட்டார் இரைச்சல்.
"நாள் குறித்துக் கொடுத்தால் லாஞ்சு அனுப்புவார்களாம்.
தானாக வலி வந்தால் அனுப்பமாட்டார்களாம்.
சூப்பர்வைசர் தேதி கேட்கிறான்."
"உன் மகளிடம் கேட்கச் சொல்" என்றாள்.
அப்புறம் போனை மார்போடு அணைத்து
கூரையைப் பார்த்தாள்.

உதை எண்ணும் அட்டையை நீட்டினாள்.
நேற்று இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு.
இன்று பதினொன்று.
பதினொன்று நல்ல எண்தான், புத்தகப்படி.
இரண்டு பேரும் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
காணாமல்போன அந்த ஒரு கோட்டை.

"வியாழன்" என்றாள்.
"விடிகிறதுக்கு முன்னாடி வேண்டாம்,
லாஞ்சு வரட்டும்."
எழுதினேன். பென்சிலால்தான், முதலில்.
பட்டியலா, ஆறு சென்டிமீட்டரா,
நான் விழுங்கிய ஞாயிறா,
எது அவள் வாயில் அந்தக் கிழமையை வைத்தது?
என் முகத்திலேயே படித்திருப்பாளோ?

வியாழன் முழுக்க, வெள்ளி மதியம் வரை.
கத்தி வரவில்லை.
மீன் தீனி வாடையோடு அவன்
தலைமாட்டில் நின்று மயங்கப் பார்த்தான்.

பெண். மூன்று கிலோ நானூற்றி எண்பது.
துடைக்கும் முன் சாட்சி தேடினேன்.
உள்ளங்கால் உரிந்து வெடித்திருந்தது:
திரை சொன்னது சரி.
அக்குளிலும் தொடையிடுக்கிலும்
வெண்ணெய் மாதிரி மாவு:
அவள் சொன்னதும் சரி.

"யார் ஜெயித்தது?" என்றாள், பல் தந்தியடிக்க.
குழந்தை கத்திக்கொண்டிருந்தது.
கேட்கவில்லை என்பதுபோல்
கம்பளியை இழுத்துவிட்டேன்.