பெரிய எம், சின்ன எம்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ் கடையின் மாடியில்
லேபிள் அடிக்கிறோம், கல்யாணப் பத்திரிகையும்.
ஜூன் பிறந்தால் லேபிள்தான்.
மாங்கூழ் டின்னுக்கு
ஒரு நாளைக்கு நாற்பது தடவை
மஞ்சளைச் சரிபார்க்கிறேன்.

காலையிலேயே இம்தியாஸ் பாய் போன்.
துபாய்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.
கூழில் குறையில்லை, தலைப்பில்தான்.
"ஆஃப் சின்னதாம். தி சின்னதாம்.
முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் பெருசாம்.
ஃப்ரம்ல மட்டும் அவங்களுக்குள்ளயே சண்டை.
நாலெழுத்து இருக்கே,
பெருசுல சேத்தியா, சிறுசுல சேத்தியா?"

திரையைப் பார்த்தேன்.
மேலே ஆங்கிலம், படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கி.
கீழே தமிழ்,
கிருஷ்ணகிரியிலிருந்து என்று ஒரே மூச்சில்.
இதில் எங்கே அந்த ஃப்ரம்?
டிக்கெட் எடுக்காத பிள்ளையாய்
ஊரின் மடியிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது.
பிரித்துச் சிறிதாக்கினால்
ஊர் கிழியும்.

"பெருசாவே வைங்க பாய்."
"ஏன்?"
"ஊரை விட்டுக் கெளம்புற சொல்லு அது."
பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "ரேட்டு அதே ரேட்டுதானே?"

பதினொரு மணிக்கு மாதம்மாள் ஏறி வந்தாள்.
பெங்களூர் வண்டிகளின் ஜன்னல்களுக்குக்
கொய்யாவும் மாங்காய்க் கீற்றும் நீட்டுகிறவள்.
லோன் வந்துவிட்டது. தள்ளுவண்டி வாங்கியாயிற்று.
போர்டு வேண்டும், ஆறுக்கு ரெண்டு.
தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி.
"ஓசூர் கம்பெனிப் பசங்க படிக்கணுமில்ல."

தமிழ் வரியில் வேலையே இல்லை.
முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும்
ம என்றால் ம.
யாரும் யாருக்காகவும் எழுந்து நிற்பதில்லை.
(அதனால்தானோ என்னவோ
கட்சி பேனர் என்றால் பாயிண்டுக்குப் பாயிண்டு தகராறு.
கிளை முப்பத்தாறு, ஒன்றியம் நாற்பத்தெட்டு,
மாவட்டம் நூற்றிருபது.)

இங்கிலீஷ் வரியை அடித்து மானிட்டரைத் திருப்பினேன்.
"இதுல எது எம் பேரு?"
காட்டினேன்.
"மொதல்ல ரெண்டு மலை நிக்குதே, அது?"
எம். உன் பேரில் வரும் ம.
"உள்ள குனிஞ்சு ரெண்டு உக்காந்திருக்கே?"
அதுவும் எம்தான். சின்ன எம்.

திரையில் விரல் வைத்தாள், கொய்யாப் பிசுக்கோடு.
ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலை
வெயிலில் பாறையாய் நின்றது.
"ஒரே எழுத்து. ஒண்ணு நிக்குது, ரெண்டு குந்தியிருக்கு.
எம் பேருக்குள்ளயே எதுக்கு இது?"

விதி அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன்.
விதி என்றால் அவளுக்கு
வேறு கணக்குகள் இருக்கும்.
மூடிக்கொண்டேன்.

"எல்லாத்தையும் நிக்க வெய்யி."
"கத்துற மாதிரி இருக்கும்க்கா."
"நான் கத்தித்தானே விக்கிறேன்."

நிற்க வைத்தேன்.
மூன்று எம், ஆறு மலை.
பலகைக்குள் அடங்கவில்லை.
பழக்கடை என்பதை எடுத்துவிடச் சொன்னாள்.
"அது வண்டியப் பாத்தாலே தெரியும்."

முன்பணம் இருநூறு.
ஸ்கேனர் மேல் இரண்டு காய் வைத்துவிட்டுப் போனாள்.
ஒன்று செங்காய்.

சாயங்காலம் பாய் மறுபடியும் போன்.
ஃப்ரம் பாஸாகிவிட்டதாம்.
இப்போது
மஞ்சள் போதவில்லையாம்.