முப்பது மீட்டர்

மார்ச் மாதத்தில் ஹெல் வரைக்கும் டிக்கெட் கேட்டால்
கவுன்டர்க்காரி ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள்.
கோடையில் கால்வைக்க இடமிருக்காத ரயில்.
இன்று பெட்டியில் நான்,
பெயின்ட் டப்பாவைக் காலிடுக்கில் வைத்துத் தூங்கும் ஒருவர்,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.

விளாதிஸ்வாவோவோ தாண்டியதும்
நிலம் மெலிகிறது.
இடது ஜன்னலில் பால்டிக். சாம்பல் நிறம், கோபம்.
வலது ஜன்னலில் விரிகுடா. அதே சாம்பல், சோம்பல்.
நடுவே ஒரு தண்டவாளம், ஒரு சாலை,
காற்றுக்குச் சாய்ந்த பைன் மரங்கள்.
தீவாகிவிடப் புறப்பட்டு
ஏதோ யோசனையில் பாதியில் நின்ற நிலம்.
தீபகற்பம் என்று சொல்லிப் பார்க்கிறேன்.
எழுத்து பிசகினால் கர்ப்பம்.

கடைசி நிலையத்தில் பெயின்ட்காரரும் இறங்கினார்.
பெயர் லெயோன் நெட்செல்.
காட்டுக்குள் இருக்கும் பீரங்கிக்கு
வருடா வருடம் பச்சை அடிப்பவர்.
"ஏப்ரலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்,
துரு தெரியக் கூடாது."
முப்பத்தொன்பதில் முப்பத்திரண்டு நாள்
இந்த மணலில் தாக்குப்பிடித்ததை
ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.
வழியில் ஒரு பதுங்குகுழியில் தலையை நுழைத்து
கூரையை அண்ணாந்து பார்த்து வெளியே வந்தார்.
"பதினேழு" என்றார், தூங்குகிறவர்களை எழுப்பாத குரலில்.
"போன வருடம் பதினாறு வௌவால்தான்."

பீரங்கிக்குப் போகும் பாதை கடற்கரையைத் தொடும் இடத்தில்
ஒரு கயிறு.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலி,
நாற்காலியில் ஹால்ஷ்கா, மூக்கு சிவந்து, மடியில் தெர்மாஸ்.
அந்தப் பக்கம்
கான்கிரீட் படியின் நிழலில்
வெள்ளையாய், கொழுத்து, மூக்கொழுகி
ஒரு கடல்நாய்க் குட்டி.
எழுத்து பிசகித்தான் இருந்தது.

"முப்பது மீட்டர் தள்ளி நிற்கணும்" என்றாள்.
"என் பீரங்கி?"
"அந்தப் பக்கம்."
"எத்தனை நாள்?"
"பால்குடி மூன்று வாரம். தாய் போய்விடும்.
பிறகு வெள்ளை முடி உதிரணும், பசிக்கணும்,
தானாய்க் கடலுக்குத் தோன்றணும்."
லெயோன் விரல்விட்டு எண்ணினார்.
பிள்ளைகள் வரும் தேதி இடித்தது.
"இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கப்பலை அடிக்கும் அம்மா அது.
இப்போது முப்பது மீட்டர் தாண்ட வழியில்லை"
என்று டப்பாவை மணலில் வைத்தார், கொஞ்சம் ஓங்கியே.

குட்டி சீறியது.
பொம்மை என்று நினைத்து வந்தவன் யாரும்
அந்த வாயைப் பார்க்க வேண்டும்.
அழுகிய மீன் வாடை எங்கள் வரை வந்தது.

தேநீர் மூன்றாகப் பிரிந்தது. மூடி எனக்கு.
அலைக்கு அப்பால் நனைந்த பாறை ஒன்று எழுந்து
கண்களைத் திறந்து எங்களைப் பார்த்தது.
"தாய்" என்று ஹால்ஷ்கா நோட்டை விரிப்பதற்குள்
லெயோன் ஒரு கண்ணைச் சுருக்கினார்.
"நூற்று நாற்பது மீட்டர்.
இல்லை, நூற்று முப்பத்தைந்து. வருகிறாள்."
அவள் எழுதிக்கொண்டாள்.
"நூற்றுப் பத்து."
எழுதிக்கொண்டாள்.
தூரம் சொல்வதற்கென்றே கட்டிய மேடையின் கீழே
அவர் சொல்லச் சொல்ல
தூரம் குறைந்தது.
தொண்ணூறில் எங்களைக் கண்டு தயங்கினாள்.
நாங்கள் மூவரும் பின்வாங்கினோம்,
கட்டளை எதுவும் இல்லாமல்.

பால் குடிக்கும் சத்தம் கேட்டதா, தெரியாது.
காற்று அதிகம்.
உப்பு தின்று வெளுத்திருந்த அறிவிப்புப் பலகையை
லெயோன் வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு வீட்டுச் சாவியால் டப்பாவை நெம்பித் திறந்து,
ராணுவப் பச்சையில்
மூன்றைத் திருத்தினார்.
சுழியைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

நான்கரை ரயிலில் அந்தக் கையுறை அதே இடத்தில்.
என் கோட்டு விளிம்பில் எங்கேயோ பச்சை.
தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் காயவில்லை.